ஏழு மடிப்பு அருவி

பிப்ரவரி 4

என் வாலுத் தங்கைக்கு,

கோபமா? நான்கு மாதமாக ஒரு வரி இல்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன். "தங்கச்சி லெட்டர் வரலைன்னா உங்களுக்குச் சோறு இறங்காதா?" என்று உன் அண்ணி கேலி செய்கிறாள். அவள் நலம். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிறாள். எனக்குத்தான் மூன்றாவது படியிலேயே மூச்சு வாங்குகிறது. அச்சகத்தில் பிழை திருத்தித் திருத்திக் கண்ணும் மங்கிவிட்டது.

நான் பார்த்த மலையெல்லாம் உன் கடிதங்கள்தான். நீ ஓடை ஓடையாகப் போய் நீர்மட்டம் அளக்கிறாய், நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கூட நடக்கிறேன். உன் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு அவருடைய ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு மொட்டைப்பாறையில் உட்கார்ந்திருந்ததாக எழுதினாயே, அதை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? புதிதாக எழுது. யாருக்கும் தெரியாத இடமாக இருந்தால் இன்னும் நல்லது.

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
அண்ணன்

பிப்ரவரி 19

அன்பு அண்ணா,

கோபப்பட எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? வேலைதான் காரணம். பதினொரு ஓடைகள். ஒவ்வொன்றிலும் அளவுகோல் முன்னால் நின்று குறித்தாக வேண்டும். இதில் சுற்றுலாக்காரர்கள் தொல்லை வேறு. ஆளுக்கொரு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வழி கேட்கிறார்கள். நம் மலையைப் பற்றியதாம். எனக்கு எங்கே படிக்க நேரம்!

யாருக்கும் தெரியாத இடம் கேட்டாய். உனக்கென்றே ஒன்று வைத்திருக்கிறேன். கிழக்குச் சரிவில், மொட்டைப்பாறையைத் தாண்டி இரண்டு மணி நேரம் நடந்தால் ஓர் அருவி. ஏழு இடத்தில் மடிந்து மடிந்து விழுகிறது. கோடையிலும் வற்றாது. கடைசி மடிப்புக்குப் பின்னால் ஒரே ஓர் ஆள் நிற்கலாம். அங்கே நின்றால் செத்துப்போனவர்கள் நம்மைக் கூப்பிடுவது போலக் கேட்கும். நீ நின்றால் உனக்கும் கேட்கும், அண்ணா.

அண்ணியை ரொம்பக் கேட்டதாகச் சொல்.

உன் வாலு

ஆகஸ்ட் 25

என் கண்ணே,

முன்பே சொல்லியிருக்க வேண்டும், தப்புத்தான். உன் கடிதங்களை வைத்து ஒரு சின்னப் புத்தகம் போட்டேன். நீ பார்த்த புத்தகம் அதுதான். எழுதியவரே நடந்து பார்த்ததாக இருந்தால்தான் ஜனங்கள் படிப்பார்கள் என்று பதிப்பாளர் ஒற்றைக்காலில் நின்றார். அதனால் என் பெயர். நம் இரண்டு பேருக்குள் உன் பெயர் என்ன, என் பெயர் என்ன?

இரண்டாம் பதிப்பில் ஏழு மடிப்பு அருவியைச் சேர்த்தேன். அதற்குப் பின்னால் மூன்று மணி நேரம் நின்றதாக எழுதிவிட்டேன். இப்போது கழுத்துக்குக் கத்தி வந்திருக்கிறது. நாற்பது வாசகர்கள் பஸ் பிடித்துக்கொண்டு செப்டம்பர் பத்தாம் தேதி வருகிறார்கள். நான் முன்னால் நடந்து அருவியைக் காட்ட வேண்டுமாம். பத்திரிகை நிருபர் ஒருவரும் வருகிறார். எனக்கு மலையில் கிழக்கு எது மேற்கு எது என்றே தெரியாது!

நீ கூட வா. உதவியாள் என்று சொல்லிக்கொள்ளலாம். வழியை என் காதில் மட்டும் சொல். என் மானம் உன் கையில். உன் அண்ணிக்கு எதுவும் தெரியாது. அவளுக்குப் புத்தகம் தொடுகிற பழக்கமில்லை.

உன்னையே நம்பியிருக்கும்
அண்ணன்

செப்டம்பர் 5

அண்ணா,

போன அக்டோபரில் ஒருநாள் வேலை முடிந்து மொட்டைப்பாறைக்குப் போனேன். ஓர் அம்மாள் அங்கே உட்கார்ந்து உன் புத்தகத்தைப் படித்து அழுதுகொண்டிருந்தார். நாற்பத்திரண்டாம் பக்கம். "மறைந்த என் மனைவியின் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு இந்தப் பாறையில் அமர்ந்திருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடமே நீட்டினார். "பாவம்மா, பெண்டாட்டி மேல எவ்வளவு பாசம் அந்த மனுஷனுக்கு!"

என் பெயரை எடுத்துக்கொண்டிருந்தால் சும்மா இருந்திருப்பேன். என் அழுகையை எடுத்துக்கொண்டாய். அதற்காக உயிரோடு இருக்கிற அண்ணியைக் கொன்றும் போட்டாய். நான்கு மாதம் உனக்கு எழுதப் பேனாவைத் தொடவில்லை. அப்புறம் நீ புது இடம் கேட்டு எழுதினாய். உடனே பேனாவை எடுத்தேன்.

கிழக்குச் சரிவில் அருவி கிடையாது. ஓடையும் கிடையாது. நாய்க்கு ஊற்றக்கூடத் தண்ணீர் இல்லாத வெறும் பாறை. இந்த மலையில் ஒரே ஒரு நாள் நடந்தவனுக்குக்கூட அது தெரியும். நீ அதைப் படித்ததுமே சிரித்திருக்க வேண்டும். நீயோ அதன் பின்னால் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறாய்.

பத்தாம் தேதி கட்டாயம் வருகிறேன். உன் காதில் எதுவும் சொல்ல மாட்டேன். நீ முன்னால் நட, நாங்கள் பின்னால் வருகிறோம். நிருபர் என்னிடம் ஏதாவது கேட்டால், உன்னிடம் கேட்கச் சொல்கிறேன்.

உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே படுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. நாற்பத்திரண்டாம் பக்கத்தைக் கிழித்து அண்ணிக்கு அனுப்பியிருந்தேன். நேற்றுப் பதில் வந்தது. பஸ்ஸில் உன் பக்கத்து இருக்கை அவருடையதாம். தான் செத்த பிறகு நீ உட்கார்ந்து அழுத பாறையைப் பார்க்க வேண்டும் என்கிறார். சால்வையும் கொண்டு வருகிறார்.

இப்படிக்கு
உன் உதவியாள்