அவர் நம்பருக்கு மட்டும்

மே 18, ஞாயிறு

நாற்றங்காலில் விதை விட்டாயிற்று. பக்கத்து வயல்காரர் வீரையண்ணன்தான் சேற்றில் இறங்கித் தெளித்துக் கொடுத்தார். மாசியில் என் வீட்டுக்காரர் பரணி இறந்துபோன பிறகு நான் தனியாக வைக்கும் முதல் குறுவை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வயலுக்கு நான் கொண்டுபோனது சோறும் மோரும்தான்.

இது தேறாவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருச்சிக்கு வந்துவிடுவதாக என் கூடப்பிறந்த அண்ணனிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். மகள் பிரகதி அங்கேதான் படிக்கிறாள். அப்புறம் பரணியைப் பெற்ற அத்தை எங்கே போவார்? அண்ணன் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அத்தை இன்றும் பேசவில்லை. சாப்பிடுகிறார், தட்டைக் கழுவுகிறார், நெல் மூட்டை அறையில் போய்ப் படுத்துக்கொள்கிறார். பெற்ற மகனைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அழாத மனுஷி. கல் நெஞ்சு என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

மே 21, புதன்

காலையில் போய்ப் பார்த்தால் நாற்றங்கால் முழுக்கத் தண்ணீர். முளை கட்டிய விதை மூழ்கிக் கிடக்கிறது. முந்தாநாள்தான் வடித்துவிட்டு வந்தேன்.

"நேத்து மத்தியானம் மோட்டார் ஓடிக்கிட்டு இருந்துச்சேம்மா. நீதான் போட்டுருக்கேன்னு நெனச்சேன்" என்றார் வீரையண்ணன்.

நேற்று மத்தியானம் நான் திருக்காட்டுப்பள்ளியில், உரக்கடையில் நின்றுகொண்டிருந்தேன்.

மே 22, வியாழன்

வடித்தேன். மறுபடியும் ஓடியிருக்கிறது.

மே 24, சனி

மோட்டார் பெட்டியை மாட்டிக் கொடுத்த கலந்தரைக் கூப்பிட்டேன். திறந்து பார்த்துவிட்டு, ஒயரெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றான்.

"தானா ஓடாதுக்கா. உள்ள ஒரு சிம் இருக்கு. பரணியண்ணன் நம்பர்லேருந்து போன் வந்தா ஓடும், இன்னொரு தடவ வந்தா நிக்கும். வேற யாரு கூப்பிட்டாலும் எடுக்காது."

பரணியின் போன்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய களேபரத்தில் தொலைந்துவிட்டதே. அதைச் சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது. கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டான்.

"நம்பர மாத்திடவாக்கா?"

வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன்? நாற்று அழுகிக்கொண்டிருக்கிறது, எனக்குப் புத்தி எங்கே போயிற்று?

மே 26, திங்கள்

வீரையண்ணன் மனைவி அம்சம் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிறார்: "அவனுக்கு வயல் நெனப்பு இன்னும் விடல அனு. புடிச்சதச் சமைச்சு ஒரு படையலப் போடு."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கத்தரிக்காய் வாங்கும்போது அவருக்குப் பிடித்த பிஞ்சாகத்தான் பொறுக்கினேன்.

பிறகு கடைத்தெருவிலிருந்தே அவர் நம்பருக்கு அடித்தேன். ரிங் போகிறது. வருஷத்துக்கும் சேர்த்து ரீசார்ஜ் போட்டுவைக்கிற ஆள், அதனால் போகிறது — அவ்வளவுதான். ஆனால் நான்காவது மணியில் கட் பண்ணிவிட்டேன். யாராவது எடுத்துவிட்டால்? எடுப்பது அவராக இருந்துவிட்டால்? அது பயமா, ஆசையா?

மே 29, வியாழன்

பஸ் வரவில்லை என்று மத்தியானம் பாதி வழியில் திரும்பினேன். நெல் மூட்டை அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அத்தை தரையில் உட்கார்ந்திருக்கிறார். காதில், தொலைந்துவிட்டதாக நான் நினைத்த பரணியின் பட்டன் போன்.

சத்தமே இல்லாத வீடு. எனக்கும் கேட்டது.

"மோட்டார் ஓடுதும்மா."

அவர் குரல். சளி பிடித்த மாதிரி இருக்குமே, அதே குரல். நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. "நாத்து பூரா அழுவிப் போச்சு அத்தை, தெரியுமா உங்களுக்கு?" என்றது நினைவிருக்கிறது.

"தெரியும்."

"தெரிஞ்சுமா? ஓட விட்டீங்களே, நிறுத்தவாவது கூடாதா?"

"போட்டா ஓடுதும்மாங்கறான். நிறுத்த இன்னொருக்கா கூப்பிட்டா நிறுத்திட்டேம்மாங்கறான். அதக் கேக்க முடியல அனு."

சொல்லிவிட்டு அழுதார். மாசியிலிருந்து தேக்கிவைத்த அழுகை. நான் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வயலில் மோட்டார் கரண்ட் போகும்வரை ஓடிக்கொண்டிருந்தது.

மே 30, வெள்ளி

கலந்தரிடம் போனில் கேட்டேன். பெட்டியைக் கூப்பிட்டால் ஆரம்பத்தில் ஒரு பெண்குரல், மோட்டார் ஓடுகிறதா நின்றதா என்று இங்கிலீஷில் சொல்லுமாம். அது வேண்டாம், நானே பேசிப் போடுகிறேன் என்றாராம் பரணி. பதிகிற நேரத்தில் அத்தை பக்கத்தில் நின்று, ஓடுதாடா, நிறுத்திட்டியாடா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவர் அம்மாவுக்குச் சொன்ன பதிலே பதிவாகிவிட்டது.

கொடுத்துவைத்த அம்மா. எனக்கென்று அவர் சொன்ன ஒரு வார்த்தை எந்தப் பெட்டியிலும் இல்லை. பொறாமைதான். யாரிடம் சொல்ல முடியும், இங்கே எழுதிக்கொள்கிறேன்.

மறுபடி விதை விட வேண்டும். அண்ணனிடம் சொல்லவில்லை. போன் அத்தையிடமே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். தண்ணீர் வேண்டும் என்று நான் சொல்லும்போது போடுவது அத்தை. நிறுத்துவது நான்.

ஜூன் 8, ஞாயிறு

பிரகதி வந்திருந்தாள். பெட்டியில் வருகிற குரலைத் தன் செல்லில் பதிந்து அப்பாயிக்குப் போட்டுக் காட்டினாள். இனிமேல் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம், தண்ணீரும் வீணாகாது. நல்ல யோசனைதான், நானும் சந்தோஷப்பட்டேன்.

அத்தை ஒரு தடவை கேட்டுவிட்டுச் செல்லைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது நாம போடுறது கண்ணு. அதுல அவனே எடுக்குறான்ல."

ஜூன் 27, வெள்ளி

நடவு முடிந்தது. இரண்டாவது நாற்று தேறிவிட்டது. அத்தை வரப்புவரை வந்து நின்றார்.

மேட்டு நிலம், ஆற்றில் தண்ணீர் வந்தாலும் எங்களுக்கு மோட்டார்தான். அதனால் தினமும் ஒரு தடவை நானும் கேட்கிறேன். "நிறுத்திட்டேம்மா." கேட்டதும் முகம் கழுவப் போய்விடுவேன். இது பழகிவிடும் என்று இருந்தேன். பழகவில்லை.

செப்டம்பர் 24, புதன்

அறுவடை முடிந்தது. மோசமில்லை. அண்ணன் போன் செய்தார். நான் வரவில்லை, அடுத்த போகம் தாளடியையும் நானே வைக்கிறேன் என்றேன். கோபம்தான் அவருக்கு.

வைக்கோல் வயலிலேயே கிடக்கிறது. கட்டுகிற மிஷின் சனிக்கிழமை வருகிறது. அதுவரை மோட்டார் பக்கமே போகக்கூடாது என்று அத்தையிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். ஒரு வாரமாக வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

செப்டம்பர் 27, சனி

காலையில் வீரையண்ணன் வாசலுக்கு வந்தார்.

"வைக்கோல் பூரா நனஞ்சு கெடக்கும்மா. மிஷின்காரன் திரும்பிப் போயிட்டான். அறுத்த வயலுக்கு யாரு தண்ணி விட்டது?"

நான் வாசலைக் கூட்டிக்கொண்டே இருந்தேன். அத்தைதான் உள்ளேயிருந்து வந்து நின்றார்.

"நான்தான் வீரையா. நெனப்பில்லாம போட்டுட்டேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நேற்று மத்தியானம் அத்தை தூங்கியபோது தலைமாட்டிலிருந்து போனை எடுத்தவள் நான். நிறுத்த இன்னொரு தடவை கூப்பிடவில்லை.

அத்தை திட்டவில்லை. அடுப்படிக்கு வந்து எனக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"என்ன சொன்னான்?"

"ஓடுதாம் அத்தை" என்றேன்.