அக்காவின் கடிதங்கள் ஒரே கோப்பில்

செவ்வாய். மாலையிலிருந்து மழை.

இதை யார் எடுத்திருந்தாலும் தயவுசெய்து அப்படியே மூடி வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் கண்டிப்பாக வேண்டாம்.

கணக்குப் பயிற்சி பாதி. பள்ளி சாக்ஸ் இன்னும் ஈரம்.

சனிக்கிழமை சித்தப்பா வந்து பழைய லேப்டாப்பை முழுக்க அழித்து எடுத்துப் போகிறார். மீரா அக்கா அம்மாவுக்கு எழுதிய மின்னஞ்சல்கள் அதில் மட்டும்தான். வீட்டைவிட்டுப் போவதற்கு முன் அம்மா பெயரில் அக்காவே கணக்குத் திறந்து வைத்தாளாம். கடவுச்சொல் எங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் திறக்கவும் தெரியாது. நானே போன வாரம்தான் பார்த்தேன்.

பிரான்சிஸ் அண்ணனைக் கட்டிக்கொண்டு அக்கா ஈப்போவுக்குப் போனதும், அவள் எண்ணை எல்லார் போனிலும் அப்பா தடுத்துவிட்டார். அவள் பெயரைச் சொன்னாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு. ஏகப்பட்டது. அம்மா விடியுமுன் பஸ் ஏறி, பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள், ஒவ்வொன்றாகத் திறக்கமாட்டாள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறாள் அக்கா. அம்மாவுக்கு அது ஓடாது. எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கிவிட்டால், ஒரு தடவை அழுத்தினால் போதும், போனே சத்தமாக வாசித்துக் காட்டும்.

லேப்டாப்பின் கறுப்புத் திரையில் கட்டளை அடித்தேன். ஒவ்வொரு கோப்பாக அனுப்பினேன், ஒற்றை அம்புக்குறி போட்டு. முடிந்ததும் திறந்தால் கடைசிக் கடிதம் மட்டும். ஒவ்வொன்றும் முந்தியதை அழித்திருக்கிறது. ஐயோ, அலமாக். நல்லவேளை, அசல் கடிதங்கள் அப்படியே இருந்தன.

இரட்டை அம்புக்குறி போட வேண்டுமாம். போட்டேன். ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிக்கொண்டது. அம்மா போனுக்கு அனுப்பியாயிற்று.

புதன். வெயில். மலாய்ப் பாடத்தில் தூக்கம்.

அம்மா அடுப்படியில், மெல்ல: "என்னா பாப்பா இது, பாலத்து ஜேம்ல பஸ்ஸு நின்ன நேரம் முழுக்க நம்பரா வாசிக்குது. உங்கக்கா நாலு வார்த்த பேசுறா, மறுபடியும் நம்பரு. பக்கத்து சீட்டு லெட்சுமி, 'யாருக்கா, பேங்க்காரனா'ன்னு கேக்குறா."

கடிதத்தின் தலைப்பகுதி. எங்கிருந்து வந்தது, எந்த வழியாக வந்தது எல்லாம். அதை வெட்ட மறந்துவிட்டேன்.

"வெட்டிடுறேம்மா."

"அவ பேசுனத வெட்டிராத லா."

ஒவ்வொரு கோப்பிலும் முதல் வெற்று வரி வரைக்கும் நீக்கிவிட்டு, மறுபடி சேர்த்தேன். அப்பா தண்ணீர் குடிக்க எழுந்தார். திரையை மூடிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் பார்க்கவில்லை.

வெள்ளி. மழை இல்லை, புழுக்கம்.

நேற்று எழுதவில்லை. அம்மா போக வர இரண்டு நேரமும் கேட்டிருக்கிறாள். கண் வீங்கியிருந்தது. "வெள்ளக்காரன் தமிழ் பேசுறாப்ல இருக்கு. ஆனா அவதான்," என்றாள். அக்கா முழுகாமல் இருக்கிறாளாம்.

இன்று இரவுச் சாப்பாடு. கத்தரிக்காய், நெத்திலி. அப்பா எதிரிலேயே அம்மா போனை மேசைமேல் வைத்து அழுத்திவிட்டாள்.

தனித்தனியாகப் படித்தபோது நான் கவனிக்கவில்லை. ஒன்றாகச் சேர்ந்ததும்தான் தெரிகிறது. எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி முடிகிறது: அப்பா சாப்பிட்டாரா, அப்பா சீனி வியாதிக்கு மாத்திரை போடுறாரா. அடுத்ததிலும் அதே. அதற்கடுத்ததிலும்.

அப்பா தட்டைத் தள்ளவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "யாரு இதெல்லாம் சேத்து வச்சது?"

அம்மா: "நாந்தான்."

"ஒனக்கு போன்ல சத்தம் கூட்டவே தெரியாது."

என் பக்கம் திரும்பவில்லை. எழுந்து குளியலறைக்குப் போனார். வெகுநேரம் தண்ணீர் ஓடியது.

இப்போது நடையில் அவர் செருப்புச் சத்தம். என் கதவுக்கு வெளியே நின்றுவிட்டது. லேப்டாப் என் மடியில். அப்பா ஒருநாளும் கதவைத் தட்டமாட்டார், நேரே தள்ளித் திறப்பார்.

தட்டுகிறார். "பாப்பா. தூங்கிட்டியா? அதுல அவளுக்குப் பதில் எப்புடி அனுப்புறது?"