வீட்டுக்கு ஒரு ஆள்

பாச்சலூர்,
வைகாசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தமயந்திக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிறோம், படுக்கிற அளவுக்குச் சீக்கு ஒன்றும் இல்லை. நீயும் கவுகாத்தியில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பும் தெம்புமாக இருக்க முருகன் காக்க வேண்டும். போனில் சொல்லத்தான் பார்த்தேன், உன் குரலைக் கேட்டதும் வாய் வரவில்லை, அவரைக்காய் விலையைப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

நம் ஓடை மடுவில் மீனெல்லாம் செத்துவிட்டது. படிப்புக்காக நீ இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்தாயே, பாறையைக் கவ்விக்கொண்டு கிடக்குமே அந்தக் கல்லொட்டி, அதுவும்தான். வெளியாள் எவனும் வந்து செய்யவில்லை, நம் ஊர்தான் செய்தது. இந்த மீன் வேறெங்கும் இல்லை என்று நீ எழுதிக் கொடுத்துத் தடுப்பணை வேலை நின்றதிலிருந்து இங்கே எவளும் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது, கோடையில் ஓஸ் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது, அவரைக் கொடி கருகுகிறது. உனக்குக் கோபம் வந்தாலும் வரட்டும், எனக்கும் அந்த அணை வேண்டும்தான். குடம் சுமந்தே என் முழங்கால் போனது உனக்குத் தெரியாதா.

ஆபீசர்கள் மறுபடி மடுவைப் பார்க்க வருகிறார்கள் என்றதும் ஊர்க்கூட்டம் போட்டார்கள். மீன் இருந்தால்தானே தடை, மீனே இல்லாவிட்டால் என்ன பேச்சு என்று முடிவாகிவிட்டது. வாய்க்கால் வெட்டப் போவது போல இதற்கும் வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டுமாம், ஆளுக்கு ஒரு கை பிளீச்சிங் பவுடர் போட வேண்டுமாம், அப்போதுதான் பின்னால் எவனும் நான் இல்லை என்று நழுவ முடியாதாம். தலைவர் திருமலைச்சாமி நம் வாசலுக்கே வந்து, "ஒங்க வீட்டு ஆளு வரலைன்னா நல்லது கெட்டதுக்கு ஊரு வராதுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் அப்பாவின் துண்டைப் பிடித்து இழுத்தேன், சண்டை போட்டேன். "நாம செத்தா தூக்க நாலு பேரு வேணாமா" என்று உதறிவிட்டுப் போய்விட்டார். உனக்கு முதல் கல்லொட்டியைப் பிடித்துக் கொடுத்த மனுஷனே பவுடர் போடப் போய்விட்டார் தமயந்தி.

மறுநாள் வெள்ளனே போய்ப் பார்த்தேன். பாறையை விட்டு வராத மீன், தண்ணீர்மேல் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது, குஞ்சுகூட மிச்சமில்லை. எவனோ கோஸுக்கு அடிக்கும் பூச்சிமருந்தையும் சேர்த்துக் கொட்டியிருக்கிறான். ஓட்டம் இருக்கும் காலத்தில் மீன் பிடிக்க இப்படிப் போட்டால் ஒரே நாளில் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும், அந்த நினைப்பிலேயே செய்திருக்கிறார்கள். இப்போது ஓடையில் ஏது ஓட்டம்? கொட்டியது கொட்டின இடத்திலேயே கிடக்கிறது, நாம் குடிப்பதும் அதே மடுதான். பக்கத்து வீட்டு வடிவின் கறவை மாடு நுரை தள்ளிச் செத்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த வடிவு ஒட்டன்சத்திரம் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், இன்னும் கண் திறக்கவில்லை. அப்பா சோற்றில் கை வைத்ததும் கையை முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்.

செத்த மீனை ஆபீசர்கள் பாட்டிலில் போட்டு எடுத்துப் போனார்கள். இது எந்த மீன் என்று உனக்குத்தான் போட்டோ அனுப்பிக் கேட்பார்களாம். அது சாதாரண மீன்தான் என்று உன்னைச் சொல்லச் சொல்லும்படி தலைவர் மறுபடி வந்து நின்றார். நீ அப்படிச் சொன்னால் ஊர் தப்பும், அப்பாவும் தப்புவார், அணையும் வரும். இல்லையென்றால் கேஸ் வீட்டுக்கு வீடு வரும். பெற்றவள் நான் உனக்கு என்னவென்று எழுதுவேன்? அப்பாவிடமே கேட்டேன். "அது அவ மீனுதான், அப்படியே சொல்லச் சொல்லு. போட்ட கையில எங் கையும் உண்டுன்னு சேத்துச் சொல்லச் சொல்லு" என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அழுகையாகிவிட்டது. இனி உன் இஷ்டம்.

எங்கே இருந்தாலும் நல்லபடியாக இரு, தீர்க்காயுசாக இரு. ஊருக்கு வருவதானால் ஒட்டன்சத்திரத்தில் பஸ் ஏறும்போதே குடிக்கத் தண்ணீர் வாங்கிக்கொள், மறந்துவிடாதே. வீடேறி வரும் மகளுக்கு ஒரு செம்புத் தண்ணீர் நீட்ட என்னிடம் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
முருகம்மாள்