தெளிவில்லை என்று ஒருவர்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே அம்மாவும் நானும் சௌக்கியம். நீயும் உன் வீட்டாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் கடிதம் என்றால் கேட்டாக வேண்டும் என்பதால் கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே மீட்டிங் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங்கோ, அது உனக்கும் உன் மனசாட்சிக்கும்தான் வெளிச்சம். அதனால்தான் கடிதம். இதில் நடுவில் புகுந்து பேச உனக்கு வழியில்லை.

முதலில் வீட்டு விஷயம். மாடித் தொட்டி மறுபடியும் ஒழுகுகிறது. பிளம்பர் வந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி, டீ குடித்துவிட்டுப் போனார். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. உன் மகள் பள்ளிக்கூடத்தில் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கிய வீடியோவை அம்மா அக்கம்பக்கத்தில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டாள். தீக்குள் கையை விட்டுப் பெண்களைக் காப்பாற்றிய தாத்தா, வெந்துபோன விரல்கள் என்று குழந்தை அழகாகத்தான் பேசியிருக்கிறாள். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாம் சொல்லிக்கொடுத்ததை அவள் சொன்னாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆவணக் காப்பக வேலைக்குள் உன்னை இழுத்துவிட்டதே நான்தான். பழைய காகிதங்களைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள், கையெழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்ய ஆள் போதவில்லை, சம்பளம் கிடையாது, எந்த ஊரில் இருந்தும் செய்யலாம் என்று சொன்னபோது நீ ஆசையாகத்தான் சேர்ந்தாய். அந்தக் காகிதங்களில் யாருடைய அப்பாவோ அம்மாவோ இருக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பழைய கையெழுத்து புரியாது, சிலருக்குக் கண்ணே தெரியாது, நாம் தட்டச்சு செய்துவைத்தால் போனாவது படித்துக் காட்டும் என்று எங்கள் ஒருங்கிணைப்பாளர் முதல் நாள் சொன்னதை உனக்கு அப்படியே ஒப்பித்தேன். அவரைப் பூதக்கண்ணாடி என்றுதான் நாங்கள் சொல்வோம், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில். அவருடைய விதி ரொம்பச் சின்னது. காகிதத்தில் இருப்பதை இருக்கிறபடியே எழுது, பிழை இருந்தால் பிழையோடு எழுது, படிக்கவே முடியாத இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் 'தெளிவில்லை' என்று போடு.

மை கொட்டியிருக்கலாம், பூச்சி அரித்திருக்கலாம், மடிப்பில் கிழிந்திருக்கலாம். 'தெளிவில்லை' போடுவதற்கு இப்படிக் காரணங்கள் உண்டு. குடும்ப மானம் அதில் சேராது தம்பி.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலைத் தீ விபத்தின் விசாரணைக் கட்டு வந்ததும், தாத்தா டைம்கீப்பராக வருகைப்பதிவு பார்த்த இடம் என்று அதை நீயே கேட்டு வாங்கினாய். எனக்கும் சந்தோஷம். நீ தட்டச்சு செய், நான் சரிபார்க்கிறேன் என்றேன். நீ மளமளவென்று முடித்துவிட்டாய். நான்தான் தொட்டி, பிளம்பர், அம்மாவின் முட்டி என்று இழுத்தடித்தேன். சரிபார்க்காத பக்கமும் முதல் படியாக எல்லோர் பார்வைக்கும் போய்விடும் என்பது உனக்குத் தெரிந்ததுதான்.

போன செவ்வாய்க்கிழமை காப்பகத்தின் வாசிப்பறைக்கு ஒரு தையற்காரம்மா வந்தார். நம் அம்மா வயது இருக்கும். பார்வை அநேகமாகப் போய்விட்டது. அந்தத் தீயில் செத்துப்போன பெண்களில் ஒருத்தி பசை காய்ச்சும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள். அவளுடைய அஜாக்கிரதைதான் அத்தனை சாவுக்கும் காரணம் என்று சொல்லி விசாரணையை மூடினார்கள். இந்தத் தையற்காரம்மா அவளுடைய மகள். அம்மாவைப் பறிகொடுத்த சின்னக் குழந்தையை 'கொளுத்தினவ பொண்ணு' என்று தெருவே கூப்பிட்டிருக்கிறது. கல்யாணமாகிப் போன இடத்துக்கும் அந்தப் பெயர் பின்னாலேயே போயிருக்கிறது. தீ பிடித்ததென்றால் எல்லோரும் வெளியே ஓடி வந்திருக்க வேண்டும், ஏன் வரவில்லை என்று ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவர், இந்தக் கட்டில் பதில் இருக்கும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

நீ தட்டச்சு செய்த பக்கத்தைப் போனில் போட்டுக் கேட்டிருக்கிறார். என் மேஜையைத் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "ஏம்மா, இந்தத் தெளிவில்லைங்கறது யாரு? ஆம்பளையா, பொம்பளையா?" என்று கேட்டார். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. "தெளிவில்லை கதவை வெளிப்பக்கம் பூட்டினாராம். தெளிவில்லை சாவியைப் பையில போட்டுக்கிட்டு ஆபீசுக்குப் போயிட்டாராம். உள்ளேருந்து எல்லாரும் கத்தினப்போ தெளிவில்லை வர நேரமாயிடுச்சாம். எல்லாத்தையும் செஞ்சது அந்த ஆளுதானே? அவரு யாருன்னு தெரிஞ்சா எங்கம்மா மேல பழி நிக்காதே" என்றார்.

அதோடு விட்டிருந்தால்கூடத் தேவலை. "அதுலயே டைம்கீப்பர்னு ஒரு நல்ல மனுசர் வராரு. சூட்டுல சாவி திரும்பலன்னு, கொதிக்கிற பூட்டைக் கையால பிடிச்சு இழுத்தாராம், கை வெந்துபோச்சாம். அவரு குடும்பத்துல யாராவது இருந்தா ஒரு தடவ பார்த்துக் கும்பிடணும்மா" என்றார். டைம்கீப்பர் பேத்தி எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பார்த்துச் சொல்கிறேன் என்று ஏதோ முனகி அவரை அனுப்பிவைத்தேன்.

பிறகு மூலப் பக்கத்தைத் திறந்தேன். எழுதிய குமாஸ்தா யாரோ, ஆற அமர, குண்டு குண்டாக, அச்சடித்த மாதிரி எழுதியிருக்கிறார். டைம்கீப்பர் வெளிப்பக்கம் பூட்டினார். டைம்கீப்பர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். ஒரு புள்ளிகூட விட்டுப்போகவில்லை. அதே பக்கத்தில் மைக்கறைக்கு அடியில் கிடக்கும் 'மண்ணெண்ணெய்' உனக்குத் தெரிந்திருக்கிறது. பூச்சி தின்ற ஓரத்தில் பாதி மிஞ்சிய எழுத்தெல்லாம் தெரிந்திருக்கிறது. கை வெந்த வரியில் டைம்கீப்பர் பளிச்சென்று தெரிந்திருக்கிறார். பூட்டிய வரிகளில் மட்டும் உன் கண் மங்கிவிட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடித் தேடி மறைத்திருக்கிறாய். போதாக்குறைக்குக் காரணம் எழுதும் இடத்தில் 'மூலப்படி மங்கல்' என்று வேறு.

போனில் நீ என்ன சொன்னாய்? அம்மா இருக்கிற வரைக்கும் வேண்டாம்க்கா என்றாய். எந்தக் காலத்துக் கதை, இனிமேல் தெரிந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்றாய். அம்மா இருக்கிற வரைக்கும் என்று ஒரு கணக்கு இருந்தால், அந்தத் தையற்காரம்மா இருக்கிற வரைக்கும் என்று ஒரு கணக்கு கிடையாதா? அவர் போன பிறகு திருத்தி யார் காதில் ஓதுவாய்? நம் வீட்டுக் கதையைச் சொல்லிக் குழந்தை மேடையேறிப் பரிசு வாங்குகிறது. அவர் வீட்டுக் கதையால் அவர் வாழ்நாள் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு தெருவில் நடந்திருக்கிறார். இரண்டும் ஒரே கதை. அதில் நமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவர் தலையில் கட்டியிருக்கிறாய்.

இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது, நீ கவனித்தாயோ இல்லையோ. அடுத்த வாக்குமூலத்தில், மத்தியான மணி அடித்ததும் யாரும் வெளியே போகாதபடி பூட்டிவிடச் சொல்லி டைம்கீப்பருக்கு மேனேஜர் உத்தரவு என்று இருக்கிறது. அந்த வரியை நீ முழுசாகவே 'தெளிவில்லை' ஆக்கிவிட்டாய். தாத்தாவின் கையை மறைக்கப்போய், பூட்டச் சொன்ன வாயையும் சேர்த்து மறைத்துக் கொடுத்திருக்கிறாய். தாத்தாவுக்காகச் சொல்ல இருந்த ஒரே சமாதானமும் போயிற்று. மேனேஜர் வீட்டார் யாராவது இருந்தால் உனக்கு நன்றி சொல்லிக் கடிதம் போடுவார்கள். புத்திசாலி என்று உன்னைப் படிக்கவைத்தோம்.

அம்மாவிடம் சொல்லும் எண்ணம் எனக்கும் இருக்கவில்லை. பாத்திரங்களை நான் வைத்த சத்தத்தில் அவளே சமையலறைக்கு வந்து, "யார் மேல இருக்கிற கோபத்தை இந்தச் சட்டி மேல காட்டுற?" என்று கேட்டாள். அச்செடுத்து வைத்திருந்த மூலப் பக்கத்தை நீட்டினேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு போட்டுக்கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விளக்குக்கு அடியில் நின்றபடி, விரல் வைத்து வாய்விட்டுப் படித்தாள். பூட்டிய வரி வந்ததும் நின்றாள். திரும்பவும் அதையே படித்தாள். பிறகு நீ செய்த பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "எழுத்து நல்லாத்தானே இருக்கு. இதுல என்ன தெளிவில்ல அவனுக்கு?" என்றாள்.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில்தான் பேசினாள். "பூட்டினது யாருன்னு அப்பாகிட்ட நான் கேட்டதே இல்ல. தோணாம இல்ல, பயம்" என்றாள். அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அது தாத்தா மேல் இல்லை, உன் மேல். "என்னைக் கேக்காம என் அப்பாவை மறைக்க இவன் யாரு? நான் தாங்கமாட்டேன்னு இவன்கிட்ட யாரு சொன்னா?" என்று கேட்டாள். நான் கேட்க நினைத்ததெல்லாம் அவளே கேட்டுவிட்டாள்.

பூதக்கண்ணாடியிடம் நாம் யார் என்பதைச் சொல்லிவிட்டேன். மனுஷர் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். வேறு யாரையாவது வைத்துத் திருத்திவிடட்டுமா என்று மட்டும் கேட்டார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். திருத்த எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் நானோ மற்றவர்களோ திருத்தினால், நீ ஒளித்ததை நாங்கள் கண்டுபிடித்தோம் என்றுதான் ஆகும். நீ திருத்தினால் நீயே சொன்னதாகும். அந்த ஒரு மரியாதையை உனக்கு மிச்சம் வைக்கத்தான் அந்தம்மாவைக் காக்கவைத்திருக்கிறேன், அதுவே என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு மேல் ஒரு நாள்கூடத் தர மாட்டேன்.

அன்றைக்கு அந்தம்மா வருகிறார். நம் அம்மாவும் வருகிறாளாம். போன் படிக்க வேண்டாம், நானே படித்துக் காட்டுகிறேன், படித்து முடித்ததும் நான் யார் பெண் என்பதையும் சொல்லிவிடுகிறேன் என்கிறாள். அவர் என்ன சொல்வாரோ தெரியாது. திட்டினால் வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதான் என்கிறாள். அந்தக் கட்டடத்தில் லிப்ட் கிடையாது, அதைச் சொன்னாலும் கேட்பதாக இல்லை.

நீ கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் இத்தனை பக்கம் எழுதியிருக்க மாட்டேன். குழந்தையிடம் என்ன சொல்வது என்று நீ தவிப்பதும் எனக்குப் புரிகிறது. அவள் நம்மைவிடத் தைரியசாலி, சொல்லிப் பார். உடம்பைப் பார்த்துக்கொள். உன் மனைவிக்கும் என் அன்பைச் சொல்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தன் ஆசியையும் இதிலேயே எழுதச் சொல்கிறாள். ஒரு வார்த்தை மாற்றக் கூடாதாம்.

"நல்லா இருடா கண்ணா. பூட்டினதும் எங்கப்பா கைதான், வெந்ததும் அந்தக் கைதான், என்னைத் தூக்கி வளர்த்ததும் அந்தக் கைதான். முழுசா எழுதுடா."

இப்படிக்கு,
அக்கா