குடலும் நெஞ்சும் ஒரே உடம்பில்தானே, அக்கா

கண்ணுக்குள்ளேயே நிற்கிற என் றீற்றா அக்காவுக்கு,

நீ போன பிறகு உன் வருத்தம் எனக்கும் வந்துவிட்டது. அதே பெருங்குடல் அழற்சி, அதே இரத்தம் கலந்த வயிற்றோட்டம். வவுனியா ஆசுப்பத்திரியில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து வருத்தத்தின் பெயரைச் சொன்னபோது நான் அழவில்லை. உன்னைத்தான் நினைத்தேன்.

மீன் உலர்த்தும் கருவாட்டு வாடியில் ஆண்களுக்கு நடுவே வேலை செய்த நீ, மலசலகூடம் தேடி ஓட வெட்கப்பட்டு, மத்தியானம் வரை பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் இருப்பாய். கிளினிக்கிலும் பாதியைத்தான் சொல்வாய். வருத்தம் கூடிய நாட்களில், "நெஞ்சு தாறுமாறா அடிக்குதடி" என்று என்னிடம் மட்டும் சொன்னாய். "டொக்டரிட்டச் சொல்லக்கா" என்றால், "வயித்துக் கிளினிக்கில நெஞ்சைப் பற்றி என்னெண்டு கதைக்கிறது?" என்று சிரித்தாய்.

ஒருநாள் மீன் காயப்போட்டுக்கொண்டு நின்றபடியே சரிந்தாய். பக்கவாதம் என்றார்கள். துடிப்பு ஒழுங்கு தவறி, நெஞ்சில் உறைந்த இரத்தம் மூளைக்கு ஏறியதாம். அதைக் கேட்க நீ கண் விழிக்கவேயில்லை.

இனி என் கதையைக் கேள். நான் இப்போது முல்லைத்தீவில் ஓட்டோ ஓட்டுகிறேன். மழைக்காலத்தில் வயிறு மறுபடி குழம்பியது. ஒரு காலை, மீன் விற்கிற அம்மா ஒருவரைச் சந்தைக்கு ஏற்றிப் போகையில் நெஞ்சு தாறுமாறாய் அடிக்கத் தொடங்கியது. ஓரமாக நிறுத்தினேன்.

"என்ன பிள்ளை, நிப்பாட்டிப் போட்டாய்?"

"நெஞ்சு படபடக்குதம்மா. நான் ஆசுப்பத்திரிக்குப் போகவேணும். நீங்கள் வேற ஓட்டோ பிடியுங்கோ."

"உன்னை இப்பிடி விட்டிட்டோ? இறங்கு, பின்னால இரு."

வீதியால் போன ஒருவரை மறித்து ஓட்டச் செய்தார். மீன் பெட்டியோடு ஆசுப்பத்திரி வாசல் வரை வந்தார்.

ஈசிஜி எடுத்த டொக்டர், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியிருக்கிறது என்றார். நான் வெட்கத்தை விட்டேன். எத்தனை தரம் வயிற்றால் போகிறது, எவ்வளவு இரத்தம், உனக்கு நடந்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதுக்கும் குடலுக்கும் தொடர்பிருக்கோ, டொக்டர்?"

"இருக்கலாம்" என்றார் அவர். "குடல் அழற்சி கூடுற நேரம் சிலபேருக்கு இதயத் துடிப்பும் குழம்பும். வயித்தோட்டத்தில உப்புச்சத்து இறங்கினாலும் அப்பிடி வரும். எல்லாருக்கும் வராது. வந்தா மறைக்கக் கூடாது."

இரத்தம் உறையாமலிருக்க மருந்து தேவைப்படலாம்; கொடுத்தால் குடலில் இரத்தப்போக்குக் கூடலாம் என்றும் சொன்னார். அந்த இக்கட்டில் நான் கேட்டது இதைத்தான்: "வயித்து டொக்டரும் நீங்களும் ஒண்டாய்க் கதைச்சு முடிவெடுங்கோ. அதுவரைக்கும் நான் வீட்ட போகமாட்டன்."

கதைத்தார்கள்; அந்த மருந்தைப் பற்றியும் சேர்ந்தே முடிவெடுத்தார்கள். வார்ட்டில் வைத்து உப்புச்சத்து ஏற்றி, குடலை அடக்கி, துடிப்பைச் சீராக்கினார்கள். இப்போது மருந்தும் கையுமாக மறுபடி ஓட்டோ ஓட்டுகிறேன்.

உனக்கும் இப்படித்தான் தொடங்கியதா? வாய் திறந்திருந்தால் இருந்திருப்பாயா? யாராலும் சொல்ல முடியாது. எனக்கு உன்மேல் கோபமும் இருக்கிறது, அக்கா.

வருகிற ஞாயிறு, பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் பெண்களுக்கு முன்னால் கதைக்கப் போகிறேன். மலத்தில் இரத்தம், நெஞ்சுப் படபடப்பு என்று வெளிப்படையாகவே. முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். உன் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவேன். அவர்களில் ஒருத்தியாவது எழும்பி, "எனக்கும் இருக்கு" என்று சொல்லும்வரை, ஒவ்வொரு ஞாயிறும் கதைப்பேன்.

உன்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த
உன் தங்கை,
மெற்றில்டா