ஊரவர் ஒருவர்

அன்புள்ள அண்ணா,

எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். யாருக்கும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தீர்கள். இப்போது எல்லோரும் வாசிக்கிற இந்தச் சிறு சஞ்சிகையிலேயே எழுதுகிறேன்.

நானும் அம்மாவும் மொன்றியலில், செயின்ட்-மிஷேலில் இருக்கிறோம். வெளிப்படிக்கட்டெல்லாம் பனி. அம்மா கைப்பிடிக் கம்பிக்கே "மெர்சி, மெர்சி" என்று சொல்லிக்கொண்டு இறங்குகிறார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அந்த 'நன்றி' மட்டும்தான். வருகிற செவ்வாய்க்கிழமை எங்கள் அகதி விசாரணை.

படையினர் பிடித்திருந்த எங்கள் ஊரிலிருந்து நீங்கள் பத்திரிகைக்கு அனுப்பிய கடைசிச் செய்தி வழக்கறிஞரிடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்து முகாமுக்குள் பையன்களை இழுத்துச் சென்றதைக் கண்டதாக 'ஊரவர் ஒருவர் கூறினார்' என்று எழுதியிருந்தீர்கள். சொன்னவரைக் காப்பாற்றப் பத்திரிகைக்காரர் அப்படித்தானே எழுதுவீர்கள்? அந்த ஊரவர் யாரென்று கேட்டுத்தான் உங்களைச் சிறையில் வைத்திருந்தார்கள். நீங்கள் சொல்லவில்லை. உடலாகத்தான் வீட்டுக்கு வந்தீர்கள்.

கண்டது நான்.

பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வருகிறவள் நான். "எங்கட வீட்டு முதல் பட்டதாரிக்கு பஸ்ஸை மறிக்க வாய் வராதோ?" என்று எத்தனை தரம் பகிடி பண்ணியிருப்பீர்கள்! அன்று மட்டும் கண்டதையெல்லாம் உங்களிடம் நிறுத்தாமல் சொன்னேன். ஏன் என்னை நிறுத்தவில்லை, அண்ணா?

அந்த ஊரவர் நான்தான் என்று விசாரணையில் சொன்னால்தான் எங்களைத் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்கிறார் வழக்கறிஞர். அதிகாரிகளுக்கு எப்படியோ சொல்லிவிடுவேன். ஆனால் அம்மாவும் அங்கே இருப்பார்.

நேற்றும் சோறு போடும்போது அதே கதைதான்.

"ஆரோ ஒரு ஊரவன். அவன்ர வாயாலதான் என்ர பிள்ளை போனவன். அவனுக்கு இப்ப சோறு இறங்குதாமோ?"

"விடுங்கோ அம்மா."

"என்னத்தை விடுறது? நாசமாப் போவான். நீ ஏன் பிள்ளை கோப்பையில சோத்தை அளைஞ்சுகொண்டு இருக்கிறாய்? இன்னும் கொஞ்சம் போடட்டோ?"

"ஓம்" என்றேன். கோப்பையை நீட்டினேன்.

விசாரணை அறையில் வைத்து அம்மா இதை முதன்முதலாகக் கேட்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சஞ்சிகை வந்ததும், வழமைபோல என்னைத்தான் வாசிக்கச் சொல்வார். ஒரு வரியும் தாண்டாமல் வாசிப்பேன். செவ்வாய்க்கிழமையும் தலை குனியாமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வேன். இது உறுதி.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வாசித்து முடித்ததும் அம்மா நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார். அந்த நேரம் வந்திருங்கள், அண்ணா. என் பக்கத்தில் வேண்டாம். அம்மாவின் பக்கத்தில்.

உங்களுக்குப் பின் பிறந்தவள்,
தங்கச்சி