எட்டிலிருந்து பதினொன்று வரை

3 மார்ச், செவ்வாய்

அன்புள்ள ஊசிக்காரிக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. நீ நலமென்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதே. நீ காலை ஐந்தேகாலுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குக் கிளம்பும்போது நான் குறட்டை. நான் நாலு கட்டிடத்து லிப்ட்டையும் ரிப்பேர் பார்த்துவிட்டு வரும்போது நீ குறட்டை. நடுவில் இரண்டு மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் வாண்டை என் இடுப்பிலிருந்து உன் இடுப்புக்கு மாற்றுகிறோம். அந்த ஐந்து நிமிடத்தில் "சாப்பிட்டாளா, ஆய் போனாளா" என்பதற்கு மேல் பேச்சு போவதில்லை. போனில் எழுதினால் கட்டைவிரல் படம் போடுகிறாய். அதனால் இந்த நோட்டு. அவள் பையிலேயே இருக்கும்.

விஷயம் இதுதான். பெரிய சாலையில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் விசாரித்தேன். மாதக் கட்டணமே உன் சம்பளத்தில் பாதியைத் தாண்டுகிறது. சேர்க்கைக்குத் தனி, சனிக்கிழமைக்குத் தனி, கூட்டிப்போகத் தாமதமானால் கால் மணிக்கு இவ்வளவு என்று தனி. உன் பஸ் செலவையும் கழித்துவிட்டால், நாள் முழுக்க ஊரார் கையில் நரம்பு தேடியதற்கு உனக்கு மிஞ்சுவது நாலு பாக்கெட் டயப்பர். அதற்கு எதற்கு வேலை? பேசாமல் இரண்டு வருடம் விட்டுவிட்டு வீட்டில் இரு. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. யோசித்துச் சொல்.

அப்பன்காரன்


5 மார்ச், வியாழன்

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

நான் நலம். கேட்காவிட்டாலும் சொல்வது என் வழக்கம்.

உங்கள் கணக்கைப் பார்த்தேன். கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. காப்பகப் பணத்தை என் சம்பளத்திலிருந்து மட்டும் ஏன் கழித்தீர்கள் என்பதுதான் புரியவில்லை. உங்கள் சம்பளத்தில் கழித்துப் பாருங்கள். அப்புறம் யார் டயப்பருக்காக வேலைக்குப் போகிறார் என்று பேசலாம்.

அது கிடக்கட்டும். வேறொரு விஷயம் மண்டையைக் குடைகிறது. பத்து நாளாக வாண்டு ஒரு வேலை செய்கிறாள். என் சட்டை கண்ணில் பட்டால் போதும், இழுத்துத் தரையில் போடுகிறாள். டம்ளரில் கைவிட்டு விரலால் தண்ணீர் தெளிக்கிறாள். இரண்டு உள்ளங்கையையும் வைத்து, உடம்பு மொத்தமும் சாய்ந்து அழுத்தி, "ச்ஸ்ஸ்" என்கிறாள். பிறகு சட்டைக் கையை உள்ளே தள்ளி மடித்து, மேலே ஒரு தட்டு. முடிந்தது, அடுத்த சட்டை.

நம் வீட்டில் துணி மடித்தவர் யார்? நாற்காலியில் மலையாகக் கிடப்பதில் துவைத்தது எது என்று மோந்து பார்த்து எடுக்கிற குடும்பம் நாம். இவள் எங்கே கற்றாள்? காலையில் உங்களுடன் இருக்கும்போதும் செய்கிறாளா? பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு ஒரே ஆச்சரியமாக இருக்கிறது.

வாண்டின் அம்மா


6 மார்ச், வெள்ளி

அன்புள்ள ஊசிக்காரிக்கு,

என்னிடம் அப்படியெல்லாம் செய்யவில்லை. ஒன்றரை வயதில் பிள்ளைகள் எதையாவது செய்யும். போனில் எதையாவது பார்த்திருப்பாள். தண்ணீர் தெளிப்பது செடிக்கு ஊற்றுவதைப் பார்த்து வந்திருக்கும். இதில் ஆராய்ச்சி செய்ய ஒன்றுமில்லை.

என் நேரத்து நிலவரம் கீழே. ஆறு மணிக்குப் பால், மிச்சம் வைக்கவில்லை. ஏழரைக்குப் பாதி முட்டை, மீதிப் பாதி என் சட்டையில். எட்டிலிருந்து பதினொன்று வரை தூக்கம், தினமும் அப்படித்தான். பன்னிரண்டுக்குச் சோறு. இருமல் இல்லை.

வேலையை விடுவது பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை.

அப்பன்காரன்


9 மார்ச், திங்கள்

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

நம் வீட்டில் செடி எங்கே இருக்கிறது? இருந்த ஒன்றும் கல்யாணமான வருடமே பட்டுப்போயிற்று.

உங்கள் நிலவரத்தை மூன்று தடவை படித்தேன். காலையில் மூன்று மணி நேரம் தூங்குகிற பிள்ளை, இரண்டேகால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என் தோளில் எச்சில் வடியத் தூங்குமா? ஒரு நாள் என்றால் சரி. வெள்ளி, சனி, இன்று என்று பார்த்துவிட்டேன், அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறாள். ஒரே ஆளின் ரத்தத்துக்கு இப்படி ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இரண்டு முடிவு வந்தால், எங்கள் கூடத்தில் குழாயில் ஒட்டும் பெயர்ச்சீட்டு மாறிவிட்டது என்போம்.

இன்னொன்று. இன்று பஸ் நிறுத்தத்தில் அவள் தலையை மோந்தேன். அப்போதுதான் இஸ்திரி போட்ட பருத்தித் துணி வாசனை. நம் வீட்டில் இஸ்திரிப் பெட்டியே கிடையாது.

நான் சண்டைக்கு வரவில்லை. எட்டிலிருந்து பதினொன்று வரை என் பிள்ளை எங்கே இருக்கிறாள்?

வாண்டின் அம்மா


10 மார்ச், செவ்வாய்

அன்புள்ள ஊசிக்காரிக்கு,

சரி. அந்த மூன்று மணி நேரம் தூங்குவது அவள் இல்லை. நான்.

ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு காலை. கட்டிலில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, அவள் டப்பா அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் ஞாபகம். யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். தரைத்தளத்து இஸ்திரிக் கடை அக்கா, இடுப்பில் வாண்டு. பால் பாக்கெட் எடுத்தபோது தாழ்ப்பாள் போட மறந்திருக்கிறேன். இவள் தனியாகப் படி இறங்கிக் கடை வாசல் வரை போயிருக்கிறாள். அப்புறம் எண்ணிப் பார்த்தேன், முப்பத்தெட்டுப் படி.

அந்த அக்கா கத்தவில்லை. "தம்பி, ஒண்ணு நீ முழிச்சிரு. இல்லைன்னா என்கிட்ட விட்டுட்டுத் தூங்கு. ரெண்டுங்கெட்டானா இருந்தா பிள்ளை மிஞ்சாது" என்றார். அடுத்த நாளே கொண்டுபோய் விட்டேன். காசு தந்தேன், வாங்கவில்லை. உருகிப்போயிருந்த அவர் கடைப் பிளக்கை மாற்றிக் கொடுத்தேன். இஸ்திரி மேசை வாண்டின் தலையைவிட உயரம். அவள் உட்காரும் பிரம்புக்கூடை, பெட்டியிலிருந்து எட்டடி தள்ளி. வயர் சுவரோடு போகிறது. எல்லாம் அளந்து பார்த்துவிட்டுத்தான் விட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு வந்து படுக்கிறேன். ஐந்தரைக்கு வாண்டு மூக்கைப் பிடித்து எழுப்புகிறாள். உனக்கும் அதே தூக்கம்தான், நீ சமாளிக்கிறாய். என்னால் முடியவில்லை. அதை எழுத வராமல்தான் உன்னை வேலையை விடச் சொன்னேன். காப்பகக் கணக்கு ஒரு சாக்கு.

அப்பன்காரன்


12 மார்ச், வியாழன்

அன்புள்ள ஊசிக்காரிக்கு,

இரண்டு நாளாக நோட்டில் ஒன்றும் இல்லை. பஸ் நிறுத்தத்தில் பிள்ளையை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் போகிறாய். போனுக்கும் பதில் இல்லை, கட்டைவிரல் கூட இல்லை.

நேற்றும் இன்றும் கடையில் விடவில்லை, நானே வைத்திருந்தேன். நின்றுகொண்டே இருந்தேன். உட்கார்ந்தால்தானே தூக்கம். கதவுக்கு மேலே இன்னொரு தாழ்ப்பாள் மாட்டிவிட்டேன், நாற்காலி போட்டு ஏறினாலும் அவளுக்கு எட்டாது. நாளை முடியாது. நேற்று வேலையில் மூன்றாவது மாடி என்று நினைத்து நாலாவது மாடி லிப்ட் கதவைத் திறந்துவிட்டேன், உள்ளே லிப்ட் இல்லை, வெறும் பள்ளம், கூட இருந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். அதனால் நாளை எட்டு மணிக்குக் கடையில் விடுகிறேன். இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

திட்டுவதாக இருந்தால் திட்டி எழுது. வெறும் பக்கத்தைப் படிக்க எனக்குத் தெரியவில்லை.

அப்பன்காரன்


14 மார்ச், சனி

அன்புள்ள அப்பன்காரருக்கு,

திட்டுவதற்கு நாலு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். முப்பத்தெட்டுப் படி என்கிற இடத்தைத் தாண்டிப் படிக்க இரண்டு நாள் ஆனது. அதற்கும் மேலே, ஏழு வாரம் என் பிள்ளை எங்கே இருந்தாள் என்று கடைக்கு வரும் ஊர்க்காரர்களுக்கெல்லாம் தெரியும், எனக்குத் தெரியாது.

நேற்று வழக்கம்போல ஐந்தேகாலுக்குக் கிளம்பிப் போய், அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். நீங்கள் விட்டுவிட்டு மேலே போனதும் நான் கடைக்குப் போனேன். ஓரமாக நின்று பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். அந்த அக்கா என்னைப் பார்த்ததும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுவிட்டார்.

வாண்டு கூடைக்குள் மகாராணி மாதிரி இருந்தாள். அக்கா வாய் ஓயாமல் அவளிடம் பேசுகிறார், ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு வம்பு. "இது பாங்க்காரர் சட்டை. காலரைப் பாரு, கழுத்தே இல்லாத மனுஷன்." இவள் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டுகிறாள். பெட்டியைத் தூக்கும்போது அக்கா "சூடு" என்கிறார். இவள் உடனே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். நான் எத்தனை தடவை சொல்லியும் அடுப்புப் பக்கம் போகிற கை அது.

உங்களைப் பற்றி ஒன்றுதான் சொன்னார். "உங்க வீட்டுக்காரர் பிள்ளையைத் தள்ளிவிட்டுட்டு ஊர் சுத்தப் போகலம்மா. இங்கேருந்து போகும்போதே பாதி தூக்கம்தான்." மேலே வந்து பார்த்தேன். ஒரு காலில் செருப்போடு குப்புறக் கிடந்தீர்கள். எழுப்பித் திட்டத்தான் வந்தேன். முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு இறங்கிவிட்டேன்.

வேலையை நான் விடப்போவதில்லை. கடையிலும் தொடர முடியாது. "அடுத்த மாசம் கூடையை விட்டுக் குதிச்சிடும், அப்புறம் என்னால ஆகாதும்மா" என்று அக்காவே சொல்லிவிட்டார். அங்கிருந்து நேரே காப்பகத்துக்குப் போய்ச் சேர்க்கைப் பணம் கட்டினேன். எட்டரையிலிருந்து ஒன்றரை வரை. மாதக் கட்டணத்தில் பாதியை என் சம்பளத்திலிருந்தும் பாதியை உங்கள் சம்பளத்திலிருந்தும் கட்டுகிறோம். நீங்கள் வாங்க நினைத்திருந்த வண்டி அடுத்த வருடம். அந்த ஐந்து மணி நேரம் நீங்கள் தூங்க வேண்டும். தூங்காமல் லிப்ட் பக்கம் போகக் கூடாது.

ஒரு படிவம் கொடுத்தார்கள். பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று கேட்டு மூன்று வரி விட்டிருந்தது. முதல் வரியில் என் பெயர். மூன்றாவதில் இஸ்திரிக் கடை அக்கா பெயர், அவரைக் கேட்டுத்தான் எழுதினேன். இரண்டும் பேனாவில். நடு வரியில் உங்கள் பெயர். அதை மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறேன். வேண்டுமென்றுதான். பேனாவை எடுத்தால் அந்த முப்பத்தெட்டுப் படிதான் ஞாபகம் வருகிறது, பொய் சொல்ல விரும்பவில்லை.

திங்கட்கிழமை எட்டரைக்குள் கொடுக்க வேண்டும். நீங்கள்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். படிவம் அவள் பையின் முன் அறையில் இருக்கிறது. கூடவே ஒரு பேனாவும் வைத்திருக்கிறேன்.

வாண்டின் அம்மா